மீன்காரர் ஹாரனுக்கு எழுந்து வராத பூனை

அன்புள்ள மேடம்,

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 47. மனிதர்களுக்கே ஆயிரம் பிரச்சினை இருக்க, பூனைக்காகக் கடிதம் எழுதுகிறேனே என்று கூச்சமாகத்தான் இருக்கிறது.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ராத்திரி, கொல்லைக் கதவு பிய்த்துக்கொண்டு போனபோது உள்ளே வந்த பூனை இது. அப்போதே வளர்ந்த பூனைதான். விடிந்து பார்த்தால் எங்கள் தென்னை பதினொன்றும் சாய்ந்து கிடக்கிறது; இது அடுப்பங்கரையில் நிம்மதியாகத் தூங்குகிறது. ‘புயல்’ என்று பெயர் வைத்தது என் வீட்டுக்காரர். காலையில் மீன்காரர் வண்டி ஹாரன் தெருமுனையில் கேட்டால் போதும், எங்கிருந்தாலும் திண்ணைக்கு வந்துவிடும்.

போன வருஷம் ஓயாமல் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. உடம்பும் இளைத்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில், கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 3.4. கிட்னி நோய், குணமாகாது, பத்தியமாகச் சாப்பாடு கொடுத்து ஓட்டலாம் என்றார்கள். போன மாதம் 5.8. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தோலுக்கு அடியில் 100 மில்லி டிரிப்ஸ் ஏற்றுகிறோம். அவர் பிடித்துக்கொள்வார், ஊசி குத்துவது நான். இதெல்லாம் எனக்குப் புதிதில்லை. எங்கள் அப்பாவுக்கும் கிட்னிதான். டயாலிசிஸ் போதும் என்று அவர் என்னிடம் சொன்னதை டாக்டரிடம் போய்ச் சொன்னது நான். ‘நீதான் முடிச்சு வெச்சே’ என்று திவசத்தன்று அண்ணன் சொன்னார். அது வேறு கதை.

இப்போது புயல் சரியாகச் சாப்பிடுவதில்லை. வாந்தி. வாயில் புண். ஹாரன் கேட்டால் காது மட்டும் திரும்புகிறது. டாக்டர் ஊசி போட்டுத் தூங்கவைத்துவிடலாம், நீங்களே முடிவு பண்ணுங்கள் என்கிறார். வீட்டுக்காரர், ‘கொள்முதல் நிலையத்துல நெல்லு போட்ட காசு பூனைக்கே போகுது, சிநேகிதன் ரைஸ் மில்லுல விட்டுடலாம், எலி புடிச்சுப் பொழச்சுக்கும்’ என்கிறார். கும்பகோணத்தில் தங்கை தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறாள். மாமியாரோ, ‘பூனையைக் கொன்னா தங்கத்துல பூனை செஞ்சு காசியில கொடுத்தாலும் பாவம் போகாது. கன்னுக்குட்டிக்காகப் பெத்த பிள்ளையவே தேர்க்கால்ல போட்ட ஊருக்காரி நான்’ என்கிறார். அவர் திருவாரூர். திருச்சியில் படிக்கும் மகளிடம் இன்னும் சொல்லவில்லை, பரீட்சை நடக்கிறது.

மடியில் எடுத்து வைத்தால் இன்னும் குர்ர்ர் என்கிறது. அப்படியானால் அதற்கு வாழ ஆசை இருக்கிறது என்றுதானே அர்த்தம்? வலிக்கிறதோ என்று கால் பாரசிட்டமால் கொடுக்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு வாந்தியைத் துடைக்கும்போது, ‘சீக்கிரம் போய்த் தொலையேன்’ என்று சொல்லிவிட்டேன்.

பெயர் வேண்டாம்,
திருவாரூர் மாவட்டம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாத்திரை. கொடுத்துவிடாதீர்கள், கால் மாத்திரைகூட வேண்டாம். நம் கல்லீரல் பாரசிட்டமாலைக் கரைத்து வெளியேற்றுவது போலப் பூனையின் கல்லீரலால் முடியாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், மூச்சுத் திணறித்தான் அது சாகும். வலிக்கு மருந்து வேண்டுமானால் டாக்டரிடம் கேளுங்கள், பூனைக்கென்று வேறு மருந்துகள் இருக்கின்றன.

அப்புறம் ரைஸ் மில். இதில் யோசிக்க எதுவுமே இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டிரிப்ஸ் ஏறுகிற பூனை எலி பிடித்துப் பிழைக்காது. இரண்டு மூன்று நாளில் தவிடு மூட்டைக்குப் பின்னால் போய்ப் படுத்துவிடும். பட்டினியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவதை 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமே குற்றம் என்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்கும் இது தெரியாமல் இருக்காது. பெயர் வைத்தவர் அவர், ஊசி குத்தும்போது பிடித்துக்கொள்கிறவரும் அவர். பணக்கஷ்டம் நிஜம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மில் என்று அவர் சொல்வது, கண்ணெதிரே சாகக் கூடாது என்பதற்காகவும் இருக்கலாம். சண்டை போடாமல் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

தங்கை வீடு வேறு விஷயம். ஆரோக்கியமான பூனை என்றால் தாராளமாக அனுப்புங்கள் என்பேன். ஆனால் பூனைக்குப் பழகிய இடம் ரொம்ப முக்கியம்; இடம் மாறினால் நல்ல பூனையே சில நாள் சாப்பிடாது. அப்படிச் சாப்பிடாமல் கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அது தனி நோயாகிவிடும். ஏற்கெனவே சாப்பிடாத பூனையை இந்த நிலையில் கும்பகோணத்துக்கு அனுப்பினால், தெரியாத வீட்டில், தெரியாத கை குத்தும் ஊசியோடு அதன் கடைசி நாட்கள் போகும். தங்கை உதவ நினைத்தால் ஒரு வாரம் உங்கள் வீட்டுக்கு வந்து இருக்கட்டும். நீங்கள் இரண்டு ராத்திரியாவது தூங்குவீர்கள்.

குர்ர் சத்தம் பற்றிக் கேட்டீர்கள். சந்தோஷத்தில் மட்டுமல்ல, வலியிலும் பயத்திலும்கூடப் பூனை அப்படிச் சத்தம் போடும். வலியை மறைப்பதில் அதற்கு நிகர் கிடையாது. ஆனால் சரியான அடையாளத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மீன்காரர் ஹாரன். தினக் காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்னால் மூன்று விஷயம் குறித்து வையுங்கள்: தானாகச் சாப்பிட்டதா, தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொண்டதா, ஹாரனுக்கு எழுந்ததா. பத்து நாள் போதும். மூன்றுக்கும் இல்லை என்கிற நாள் பாதிக்கு மேல் வந்துவிட்டால் அதற்கப்புறம் இழுக்காதீர்கள். அதற்கு முன்பே சாப்பாட்டை அடியோடு நிறுத்திவிட்டாலோ, மூச்சுக்குத் திணறினாலோ பத்து நாள் கணக்கும் வேண்டாம்.

இந்தப் பத்து நாளுக்குள் டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. குமட்டலுக்கும் பசிக்கும் தனி மருந்து கொடுத்துப் பார்த்தாகிவிட்டதா? கிட்னி நோயில் பூனை சாப்பிடாமல் போவது பெரும்பாலும் குமட்டலால்தான். அதைக் கட்டுப்படுத்தினால் சில பூனைகள் கொஞ்ச காலம் நன்றாக இருக்கும். கெட்டுப்போன கிட்னி திரும்பாது, 5.8 என்பது கடைசிக் கட்டம்தான், அதில் மாற்றமில்லை. இன்னொரு டாக்டரின் கருத்து வேண்டுமென்றால் உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மாமியாரின் பாவக் கணக்கை நான் கிண்டல் செய்ய மாட்டேன். அவர் பயம் உண்மையானது. ஆனால் அவரிடம் இன்னொரு கன்றுக்குட்டியின் கதையைச் சொல்லுங்கள். 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் தீராத நோயில் துடித்துக்கொண்டிருந்த ஒரு கன்றுக்கு, டாக்டரை வரவழைத்து ஊசி போட்டு உயிரை விடச் செய்தார் காந்தி. அகிம்சை பேசியவரே இப்படிச் செய்யலாமா என்று கோபமாகக் கடிதங்கள் குவிந்தன. அவர் மறைக்கவில்லை, தன் பத்திரிகையிலேயே, இது ஹிம்சை இல்லை என்று எழுதினார். இதைக் கேட்டு மாமியார் ஒப்புக்கொள்வார் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஒப்புக்கொள்ளாவிட்டாலும், அன்றைக்கு அவரைப் பக்கத்துத் தெரு உறவினர் வீட்டில் உட்காரவைக்கலாம். எல்லோரும் சம்மதித்த பிறகுதான் என்று காத்திருந்தால், வலியைத் தாங்குவது பூனைதான்.

சரி, இப்போது ‘அது வேறு கதை’ என்று நீங்கள் தாண்டிப்போன அந்த இடத்துக்கு வருகிறேன். எனக்கு அது வேறு கதையாகத் தெரியவில்லை. அதே நோய், அதே ‘போதும்’, முடிவைச் சொல்ல வேண்டிய ஆளாக மறுபடியும் நீங்கள். அண்ணன் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தையை இன்னொரு தடவை கேட்கப் பயந்துதான், ஊசி போடலாமா என்ற கேள்வி உங்களை இவ்வளவு ஆட்டுகிறது என்று நினைக்கிறேன். ஆனால் அப்பா வாய்விட்டுச் சொன்னார். நீங்கள் கொண்டுபோய்ச் சேர்த்தது அவருடைய வார்த்தையை. பூனைக்கு வார்த்தை இல்லை, அதனால் இந்த முறை முடிவு உண்மையாகவே உங்களுடையது. கனமாகத்தான் இருக்கும். புயலைக் கடைசிவரை இழுத்துப் பிடித்தால் அண்ணன் சொன்னது பொய்யாகிவிடாது. ஊசி போட்டால் அது உண்மையாகிவிடவும் போவதில்லை. அப்பாவின் வழக்கைப் பூனையின் மேல் நடத்தாதீர்கள். அதை அண்ணனிடம் ஒரு நாள் நேராகப் பேச வேண்டும். இப்போது வேண்டாம், உடம்பும் மனசும் கொஞ்சம் தேறட்டும்.

இரண்டு மணிக்குச் சொன்ன அந்த வார்த்தை. படுத்த படுக்கையான பெற்றோரைப் பார்த்துக்கொள்கிற எத்தனையோ பேர் இதே வாக்கியத்தை என்னிடம் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார்கள். தூக்கம் இல்லாத உடம்பு பேசிய பேச்சு அது. சொல்லிவிட்டு நீங்கள் எழுந்து போகவில்லை, துடைத்து முடித்துவிட்டுத்தானே படுத்தீர்கள்?

மகளிடம் இன்றே போனில் சொல்லுங்கள். எல்லாம் முடிந்த பிறகு தெரிந்தால், பரீட்சைக்காக மறைத்தீர்கள் என்பது மட்டும்தான் அவளுக்கு நினைவிருக்கும்.

அந்த நாள் வந்தால், டாக்டர் வீட்டுக்கு வருவாரா என்று கேளுங்கள். முதலில் மயக்க ஊசி போடச் சொல்லுங்கள். அது நன்றாக அயர்ந்த பிறகு நரம்பு வழியாக மருந்தை ஏற்றுவார்கள், சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண் மூடாது. ஒரு பெருமூச்சோ சின்னத் துடிப்போ வரலாம், அது வலி இல்லை. முன்கூட்டியே தெரியாவிட்டால் பல வருஷம் உறுத்தும் என்பதால் சொல்கிறேன். கொல்லையில் குழியை மூன்றடி ஆழமாகவே வெட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாய் தோண்டிவிடும். அந்த வேலையை உங்கள் வீட்டுக்காரரிடமே விடுங்கள்.

அன்று காலை பத்தியம் பார்க்க வேண்டாம். மீன்காரர் வந்தால் புயலைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போங்கள்.