அம்மாவின் மார்பகப் புற்றுநோய் பயாப்சி ரிப்போர்ட்டில் ‘ஈஆர் பாசிட்டிவ், பிஆர் நெகட்டிவ், ஹெர்2 2+, கேஐ-67 25%’ என்று இருக்கிறது. இது ஆபத்தான வகையா?

பயாப்சி திசுக்களைப் பரிசோதிக்கும் லேபில் வேலை செய்கிறேன். உங்கள் ரிப்போர்ட்டில் ஈஆர் பாசிட்டிவ் என்பது நல்ல செய்தி. ஹெர்2 மட்டும் இன்னும் முடிவாகவில்லை, முதலில் அதைப் பாருங்கள்.

ஹெர்2 என்பது செல்லின் மேல்சவ்வில் இருந்துகொண்டு வளர்ச்சிக்கான சிக்னலை உள்ளே அனுப்பும் புரதம். திசுவில் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், 3+ கேஸில், அதாவது பாசிட்டிவில், ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் அடர்பழுப்பு வளையம் முழுசாகத் தெரியும். கோழிவலையை விரித்த மாதிரி இருக்கும், சந்தேகமே வராது. 0, 1+ என்றால் நெகட்டிவ். 2+ல் வளையம் வெளிறிக் கிடக்கும். அதை வைத்து எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் ‘ஃபிஷ்’ டெஸ்ட். செல்லுக்குள் ஹெர்2 ஜீன் எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள். அம்மாவுக்கு மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை, லேபில் மெழுகில் பதித்து வைத்திருக்கும் அதே திசுத்துண்டு (பிளாக்) போதும். இன்னும் அனுப்பவில்லை என்றால் நாளைக்கே கேளுங்கள்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. 1987ல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் டென்னிஸ் ஸ்லேமன் குழு, இந்த ஜீன் பெருகியிருந்த பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புவதையும் ஆயுள் குறைவதையும் காட்டியது. 1998ல் அந்தப் புரதத்தையே குறிவைக்கும் டிராஸ்டுஸுமாப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பல பெண்களுக்கு நிலைமையே மாறியது. ஹெர்2 பாசிட்டிவ் என்று வந்தால், பழைய கட்டுரைகளைப் படித்து இடிந்துபோகாதீர்கள். அந்த மருந்து கிடைக்க வழி பாருங்கள்.

அடுத்து ஈஆர், அதாவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு செல்லை வளரத் தூண்டும் புரதம். மார்பகப் புற்றுநோயில் முக்கால்வாசி இந்த வகைதான். 1 சதவீத செல்களில் சாயம் பிடித்தாலே பாசிட்டிவ் என்று எழுதுவோம். 1 முதல் 10 வரை என்றால் ‘லோ பாசிட்டிவ்’. அதனால் சதவீதம் எவ்வளவு என்று பாருங்கள். 90 என்றால், அந்தத் தூண்டலைத் தடுக்கும் ஹார்மோன் மாத்திரை நன்றாக வேலை செய்ய வாய்ப்பு அதிகம், 5 என்றால் அந்த அளவுக்கு நம்ப முடியாது. பிஆரும் (புரோஜெஸ்டிரோன் ஹார்மோனுக்கான ஏற்பி) பாசிட்டிவாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நல்லது. இல்லாததால் மாத்திரையை யாரும் நிறுத்த மாட்டார்கள்.

ஈஆர் பாசிட்டிவ் நோய்க்கு ஒரு குணம் உண்டு. ஈஆர் நெகட்டிவ் நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் ஐந்து வருடத்துக்குள் திரும்பிவிடும். ஈஆர் பாசிட்டிவ் நோய் 15, 20 வருடம் கழித்துக்கூடத் தலைகாட்டலாம். ஐந்து வருடம் டாமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்களில், எடுக்காதவர்களைவிட, 15 வருடக் கணக்கில் மார்பகப் புற்றுநோய் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. இருந்தும், ‘ரெண்டு வருஷம் சாப்பிட்டாச்சு, உடம்பு நல்லாத்தானே இருக்கு’ என்று நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை. லெட்ரோசோல் என்ற இன்னொரு ஹார்மோன் மாத்திரையில் மூட்டுவலி வரலாம், டாமாக்சிஃபெனில் உடம்பு திகுதிகுவென்று எரியலாம். தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். அம்மாவாகவே நிறுத்தாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேஐ-67, எத்தனை சதவீத செல்கள் பிரிந்து பெருகும் நிலையில் இருக்கின்றன என்பதைக் காட்டுகிறது. 5க்குக் கீழேயோ 30க்கு மேலேயோ இருந்தால் நம்பலாம். நடுவில் வரும் எண் லேபுக்கு லேப் மாறும். 25ஐ நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டியின் அளவு, கிரேடு (செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பது), அக்குளில் நெறிகட்டிகளுக்குப் பரவியிருக்கிறதா என்பதெல்லாம் தெரியாமல் ஆபத்தா இல்லையா என்று யாரும் சொல்ல முடியாது.

அப்புறம், ஆபரேஷன் சின்ன ஆஸ்பத்திரியில் நடந்தால் எடுத்த கட்டியை டப்பாவில் போட்டு உங்கள் கையிலேயே கொடுத்து லேபுக்கு அனுப்பக்கூடும். அது திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில்தான் இருக்கிறதா என்று கேளுங்கள்; சலைனில் (உப்புநீரில்) வந்தால் திசு கெடும். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும். தாமதமானால் ஈஆர் பாசிட்டிவே நெகட்டிவாகத் தெரியக்கூடும், அம்மாவுக்குச் சேர வேண்டிய மாத்திரை சேராமல் போகும். எடுத்த நேரத்தையும் போட்ட நேரத்தையும் டப்பா மேல் எழுதித் தரச் சொல்லுங்கள்.