இராக்கில் 2021 தேர்தலில் அதிக இடம் பிடித்தும் ஷியா மதகுரு முக்ததா அல் சதரால் ஏன் தன் ஆளைப் பிரதமராக்க முடியவில்லை? எல்லாருமே ஷியாக்கள்தானே?

எல்லாரும் ஷியாக்கள் என்பதால்தான் சண்டையே.

சதாமுக்குப் பிறகு இராக்கில் ஒரு பங்கீடு வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஜனாதிபதி குர்து, சபாநாயகர் சுன்னி, பிரதமர் ஷியா. சட்டத்தில் இப்படி எழுதியிருக்காது. 'முஹாஸஸா' என்பார்கள். பிரதமர் நாற்காலிக்கு வெளியாள் யாரும் வரப்போவதில்லை என்று ஆனபின் மிஞ்சுவது பங்காளிச் சண்டைதான். அது எவ்வளவு மோசமாக இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

எனக்கு இந்த விஷயம் பிடிபட்டது 2006 பிப்ரவரியில், துபாய் தெய்ராவில். லாரி உதிரிபாகக் கடை ஒன்றில் பில் போடும் வேலை; ஊரிலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. குடோன் பொறுப்பில் இருந்தவர் பஸ்ராக்காரர். சதாமுக்கு எதிரான 1991 கலகம் நசுக்கப்பட்டபோது ஊரைவிட்டு ஓடி வந்தவர். எல்லாருக்கும் அவர் ஹாஜி. காய்ந்த எலுமிச்சையை உடைத்துப் போட்டு ஒரு டீ போடுவார். நூமி பஸ்ரா என்று பெயர். புளிப்பும் லேசான கசப்புமாக இருக்கும், பழகிவிட்டால் விடமாட்டீர்கள்.

அன்று ஹாஜி பழைய பில் புத்தகத்தின் பின்னட்டையில் இரண்டு எண்களை எழுதி என் முன்னால் தள்ளினார். அரபு எண்ணில் ஆறு, பார்க்க நம்முடைய 7 மாதிரியே இருக்கும். "எழுபத்து நாலா?" என்று கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டார். 64, 63.

2005 டிசம்பர் தேர்தலில் ஷியா கட்சிகள் ஒரே கூட்டணியாக நின்று 275-ல் 128 இடம் ஜெயித்திருந்தன. யார் பிரதமர் என்று கூட்டணிக்குள்ளேயே ஓட்டுப் போட்டார்கள். தாவா கட்சியின் இப்ராஹிம் அல் ஜாஃபரிக்கு 64. ஹக்கீம் குடும்பத்துக் கட்சி நிறுத்திய ஆதில் அப்துல் மஹ்திக்கு 63. "யாராவது ஒருத்தன் அந்த நேரம் பார்த்து பாத்ரூம் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றார் ஹாஜி, அவருடைய அரைகுறை இந்தியில்.

ஜாஃபரியைத் தூக்கி நிறுத்தியது சதரின் கையில் இருந்த சுமார் 30 எம்பிக்கள். ஜாஃபரி மேல் சதருக்குப் பாசம் என்று நினைக்காதீர்கள். ஹக்கீம் வீட்டு ஆள் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். சதர், ஹக்கீம் இரண்டுமே ஷியாக்களின் புனித நகரமான நஜஃபின் பெரிய மார்க்கக் குடும்பங்கள். ஹக்கீம்கள் சதாம் காலத்தில் ஈரானுக்குப் போய் 1982-ல் அங்கேயே கட்சி தொடங்கி, படை திரட்டி, 2003-ல் திரும்பி வந்தவர்கள். முக்ததாவின் அப்பா நாட்டைவிட்டுப் போகவில்லை; 1999-ல் நஜஃபில் இரண்டு மகன்களோடு சுட்டுக் கொல்லப்பட்டார். "நாங்க இங்கேயே கிடந்து செத்தோம், நீங்க அங்க உக்காந்து சாப்பிட்டீங்க" என்பது சதர் ஆட்களின் தீராத ஆங்காரம். இதில் முழு நியாயம் இல்லை. ஹக்கீம் குடும்பத்திலும் சதாம் பலரைக் கொன்றார். ஆனால் பாக்தாதின் சதர் நகரச் சேரியில் இருக்கிற இளைஞனிடம் அதைச் சொல்லிப் பார்க்க முடியாது. ஹாஜியின் தம்பி சதர் பக்கம், மச்சான் ஹக்கீம்களின் பத்ர் படையில். பெருநாளுக்கு இருவரும் ஒரே சஹனில் (பெரிய தட்டில்) உட்கார்ந்து சாப்பிடமாட்டார்கள் என்பார்.

சரி, 64 வாங்கிய ஜாஃபரி பிரதமரானாரா? இல்லை. உங்கள் கேள்விக்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. பிரதமரை நியமிக்க முதலில் ஜனாதிபதி வேண்டும். அன்றைய ஏற்பாட்டில் ஜனாதிபதி குழுவைத் தேர்ந்தெடுக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 184 ஓட்டு தேவை. 128-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது? 53 இடம் வைத்திருந்த குர்துகள், தாங்கள் உரிமை கோரும் எண்ணெய் நகரமான கிர்குக் விவகாரத்தில் ஜாஃபரி இழுத்தடிக்கிறார் என்று கோபத்தில் இருந்தார்கள், வேண்டாம் என்றார்கள். சுன்னிகளும் வேண்டாம் என்றார்கள். நடுவில் பிப்ரவரி 22-ல் சமாராவின் அஸ்கரி பள்ளிவாசல் குவிமாடம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டு, ஊரெல்லாம் பிணமாக விழ ஆரம்பித்தது. ஏப்ரலில் அமெரிக்க, பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர்கள் காண்டலீசா ரைஸும் ஜாக் ஸ்ட்ராவும் சேர்ந்தே பாக்தாதில் வந்து இறங்கி நெருக்கினார்கள். ஏப்ரல் 20-ல் ஜாஃபரி விலகினார்.

அப்துல் மஹ்திக்கு வழி கிடைத்ததா? அதுவும் இல்லை. தாவா கட்சியிலேயே இன்னொருவரைக் கொண்டுவந்தார்கள். பலருக்கு முகமே தெரியாத ஆள், தலைமறைவுக் காலத்தில் ஜவாத் என்ற பெயரில் இருந்தவர். நூரி அல் மாலிகி. இவரால் யாருக்கும் தொந்தரவு இருக்காது என்று நினைத்துத்தான் உட்காரவைத்தார்கள். மனுஷர் எட்டு வருஷம் எழுந்திருக்கவில்லை.

2008-ல் அதே மாலிகி பஸ்ராவுக்குப் படையோடு போய், தனக்கு நாற்காலி கிடைக்க உதவிய சதரின் மஹ்தி படையையே அடித்தார். சதர் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் 2010-ல் மாலிகிக்கு 89, மதச்சார்பற்ற ஷியாவான அயாத் அல்லாவிக்கு 91 என்று முடிவு வந்தபோது, ஈரானில் கும் நகரில் இருந்த சதர் கடைசியில் மாலிகிக்கே கைகொடுத்தார். முதலிடம் வந்த அல்லாவி வெளியே நின்றார். பிரதமரை முன்மொழியும் உரிமையுள்ள 'பெரிய அணி' என்றால் தேர்தலில் முதலில் வந்ததுதான் என்றில்லை, பிறகு சேர்ந்து உருவாவதாகவும் இருக்கலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு தேர்தல் முடிவு என்பது பேரத்தின் தொடக்கம்தான்.

2021-க்கு வருவோம். 329-ல் சதருக்கு 73. மாலிகிக்கு 33. சதர் இந்தத் தடவை பங்காளிகளே வேண்டாம் என்று முடிவெடுத்தார். பர்ஸானியின் குர்து கட்சியையும் ஹல்பூசியின் சுன்னி அணியையும் சேர்த்துக்கொண்டு 'பெரும்பான்மை அரசு' அமைக்கப் போனார். எதிரே மாலிகி, பத்ரின் ஹாதி அல் ஆமிரி, ஆயுதக் குழுக்கள் எல்லாம் 'ஒருங்கிணைப்புச் சட்டகம்' என்று ஒன்றுசேர்ந்தன. பெரும்பான்மை அவர்களிடம் இல்லை. தேவைப்படவும் இல்லை! ஜனாதிபதித் தேர்தலை நடத்தவே 220 பேர் அவைக்கு வரவேண்டும் என்று 2022 பிப்ரவரியில் நீதிமன்றம் சொல்லியிருந்தது. மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் வீட்டிலேயே இருந்துவிட்டால் போதும். மார்ச் 26-ல் வந்தவர்கள் 202 பேர்.

ஜூனில் சதர் தன் 73 பேரையும் ராஜினாமா செய்யச் சொன்னார். இதை நான் முட்டாள்தனம் என்றுதான் சொல்வேன். அந்த இடங்கள் அடுத்து வந்த வேட்பாளர்களுக்குப் போயின. பெரும்பாலும் எதிரணிக்கு. பிறகு தெருவில் இறங்கினார். ஆகஸ்ட் 29 இரவு, பாக்தாதில் அரசு அலுவலகங்கள் இருக்கும் பசுமை மண்டலத்தில் ஷியாவும் ஷியாவும் சுட்டுக்கொண்டதில் முப்பது பேர்வரை செத்தார்கள். மறுநாள் சதர் டிவியில் வந்து ஒரு மணி நேரத்துக்குள் கலைந்து போங்கள் என்றார். போய்விட்டார்கள். அக்டோபரில் முகம்மது ஷியா அல் சூடானி பிரதமரானார். அவரும் யாருடைய முதல் விருப்பமும் இல்லை.

அப்துல் மஹ்தியை விட்டுவிட்டேனே. 2018 தேர்தலில் சதருக்கு 54, ஆமிரிக்கு 48. ஒருவர் ஆளை மற்றவர் ஏற்கமாட்டார். கடைசியில் இருவரும் ஒத்துக்கொண்ட பெயர் ஆதில் அப்துல் மஹ்தி! 2006-ல் ஒரே ஓட்டில் தோற்கடித்த அதே சதர் பன்னிரண்டு வருஷம் கழித்து சரி என்றார், ஏனென்றால் அப்போது அப்துல் மஹ்திக்குப் பின்னால் கட்சியே இல்லை. ஓராண்டில் இளைஞர் போராட்டம் வெடித்து, நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டு, நஜஃபிலிருந்து மூத்த ஷியா மார்க்கத் தலைவர் சிஸ்தானியின் வார்த்தை வந்ததும் அவரும் விலகினார்.

அவர் பெயரை அறிவித்த அன்று, பஸ்ராவுக்கே திரும்பிப் போயிருந்த ஹாஜிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்: "உங்க 63 ஜெயிச்சிடுச்சு ஹாஜி." அந்த வருஷம் பஸ்ராவில் குழாய்த் தண்ணீர் குடித்து ஒரு லட்சம் பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. "எவனோ வந்துட்டுப் போகட்டும். இங்க தண்ணி உப்பு. டீ போட்டா திரிஞ்ச மாதிரி இருக்கு."