பட்டறை பதில்கள்: ரப்பர் விதையில் டில்லர் ஓடுமா?

மார்த்தாண்டத்தில் டீசல் பம்ப் பட்டறை வைத்திருக்கும் நம் பத்தியாளர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

ஆடி, ஆவணியில் எங்கள் விளை முழுக்க ரப்பர் விதை வெடித்துக் கிடக்கிறது. பொறுக்கிச் செக்கில் ஆட்டி டில்லருக்கு ஊற்றலாமா?
*வாசகர், குலசேகரம்*

ஆட்டலாம், ஊற்றக் கூடாது.

பருப்பில் 40 சதவீதத்துக்கு மேல் எண்ணெய் உண்டு, பொய்யில்லை. ஆனால் அது டீசலைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கெட்டி. அப்படியே ஊற்றினால் முதல் நாள் ஜோராக ஓடும். அப்புறம் எண்ணெயைத் தூவும் நாஸில் நுனியில் கரி பூத்துவிடும். அந்த மாதிரி நாஸிலைக் கழற்றி டெஸ்டரில் மாட்டினால், புகைபோலச் சிதற வேண்டியது ஒரு பக்கமாகச் சொட்டும். பிஸ்டன் ரிங் வேறு ஒட்டிக்கொள்ளும். எனக்கு வேலை வரும், உங்களுக்குச் செலவு வரும்.

மெத்தனால் சேர்த்து பயோடீசலாக மாற்றினால்தான் இன்ஜின் ஏற்றுக்கொள்ளும். அதிலும் ரப்பர் விதை எண்ணெய் கொஞ்சம் வில்லங்கமானது. அமிலத்தன்மை அதிகம். நேரடியாகக் காரத்தைப் போட்டால் பாதி சோப்பாகிவிடும். முதலில் அமிலத்தில் ஒரு சுற்று, பிறகு காரத்தில் ஒரு சுற்று என்று இரண்டு கட்டமாகச் செய்யும் முறையைக் கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக (என்.ஐ.டி.) ஆய்வாளர்கள் 2005-லேயே எழுதிவிட்டார்கள். மழையில் ஊறிப் பூசணம் பிடித்த விதை என்றால் அமிலம் இன்னும் கூடும். நம் ஊரில் ஆடி மாதம் எந்த விதை நனையாமல் கிடைக்கிறது? மெத்தனால் உள்ளே போனால் கண் போகும், உயிரும் போகும். அதை வீட்டுத் திண்ணையில் வைத்துச் செய்யாதீர்கள்.

தோட்டக்காரர்கள் பத்து நூறு பேர் சேர்ந்து, விதையை அன்றன்றே உலர்த்தி, ஒரே இடத்தில் ஆட்டினால் யோசிக்கலாம். தனியாளுக்குப் பொறுக்கும் கூலியே கட்டாது. பிண்ணாக்கை மாட்டுக்கு வைத்துவிடாதீர்கள். மரச்சீனி (மரவள்ளி) இலையைத் தின்று ஆடு விழுமே, அதே நஞ்சு ரப்பர் விதையிலும் இருக்கிறது.

விளையில் எரிபொருள்தான் வேண்டுமென்றால் ரப்பர் ஷீட் அடிக்கும் இடத்தைப் பாருங்கள். ரப்பர் பால் உறைந்தபின் வடியும் புளித்த நீரை ஓடையில் விட்டு நாற்றம் பரப்புகிறோம். அதில் எரிவாயு எடுத்து அடுப்புக்கும் ஷீட் உலர்த்தவும் பயன்படுத்தலாம். கோட்டயம் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் இதில் வேலை செய்திருக்கிறது. எண்ணெயைவிட இதுதான் கைக்கு எட்டும் காரியம்.

இரண்டு மாடு இருக்கிறது. கோபர் கேஸ் போட்டால் சிலிண்டர் வாங்குவதை நிறுத்திவிடலாமா?
*வாசகி, தக்கலை*

அக்கா, கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாடு நாளைக்குச் சுமார் 10 கிலோ சாணி போடும். ஒரு கனமீட்டர் வாயுவுக்கு 25 கிலோ சாணி வேண்டும். அந்த ஒரு கனமீட்டர் ஏறக்குறைய அரைக் கிலோ சிலிண்டர் கேஸுக்குச் சமம். இரண்டு மாட்டுச் சாணியும் சிந்தாமல் சிதறாமல் தொட்டிக்குப் போனால் சின்னக் குடும்பத்துக்கு ஓரளவு காணும். மாடு பகலெல்லாம் மேய்ச்சலுக்குப் போனால் பாதிதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாயு குறையும். அதனால் சிலிண்டரை ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள்.

அடுக்களைக் கழிவையும் சேர்த்தால் நிலைமை மாறும். கஞ்சித் தண்ணி, பழைய சோறு, கிழங்குத் தோல் எல்லாம் சாணியைவிட வேகமாக வாயு கொடுக்கும். எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு, சோப்புத் தண்ணி, தேங்காய் நார் வேண்டாம். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் 'சக்தி சுரபி' கலன் அடுக்களைக் கழிவுக்கென்றே செய்தது. வாங்கும் முன் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மெக்கானிக்காக இரண்டு விஷயம் சொல்கிறேன். சிலிண்டர் அடுப்பின் ஜெட் துளை இதற்குச் சிறிது, கோபர் கேஸ் அடுப்பு தனி. குழாயைத் தொட்டியிலிருந்து அடுப்புவரை தொய்வில்லாமல் கட்டுங்கள். தொய்ந்த இடத்தில் தண்ணீர் கோர்த்துக்கொண்டால் சுடர் விட்டுவிட்டு எரியும். "தொட்டியே கெட்டுப்போச்சு" என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் கோளாறு. தாழ்ந்த இடத்தில் ஒரு டேப் வைத்து வாரம் ஒருமுறை திறந்துவிட்டால் போதும்.

வெளியே வரும் கரைசலை வாழைக்கும் தென்னைக்கும் விடுங்கள்.

பயோடீசலுக்காகக் காட்டாமணக்கு நடலாமா?
*வாசகர், ஆரல்வாய்மொழி*

வேண்டாம். 2003-இல் திட்டக்குழு பெரிதாகப் பேசியது, நாடு முழுக்க நட்டார்கள், சொன்ன விளைச்சல் வரவில்லை. உங்கள் ஊர்க் காற்றுக்குக் காற்றாலையே போதும்.

வள்ளத்து மண்ணெண்ணெய் இன்ஜினுக்குப் பழைய சிப்ஸ் எண்ணெயில் செய்த பயோடீசல் சரிப்படுமா?
*வாசகர், குளச்சல்*

சரிப்படாது தம்பி. வள்ளத்துக்கு வெளியே மாட்டும் மண்ணெண்ணெய் இன்ஜின் ஸ்பார்க் பிளக்கில் எரிவது. பயோடீசல் அதற்கு ஆவியாகாது. விசைப்படகு டீசல் இன்ஜினில் சிறு அளவு கலக்கலாம். பிலிப்பைன்ஸில் தேங்காய் எண்ணெய் பயோடீசலை 2009 முதல் டீசலில் 2 சதவீதம் கலந்தார்கள். இங்கே தேங்காய் எண்ணெய் விற்கும் விலைக்கு அந்தப் பேச்சே வேண்டாம், பழைய எண்ணெய்தான் கட்டுப்படியாகும். நாகர்கோவில் சிப்ஸ் கடைகளில் அது தாராளமாக உண்டு. கலந்த முதல் மாதத்தில் ஃபில்டரை அடிக்கடி மாற்றுங்கள். டேங்கில் வருஷக்கணக்காகப் படிந்த அழுக்கையெல்லாம் பயோடீசல் கரைத்து அனுப்பும். கரையிலிருந்து பத்து கடல் மைல் தள்ளி ஃபில்டர் அடைத்தால் அங்கே பட்டறை கிடையாது.