மிஸ்ஸியிடம் கேளுங்கள்: கைக்குழந்தைக் கேள்விகள்

மலேசியாவில் பினாங்கின் செபராங் பிறை வட்டாரத் தாய்-சேய் கிளினிக்குகளில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

பிறை: பிறந்து 5 நாள். கண்ணும் முகமும் மஞ்சள். காலை வெயிலில் காட்டச் சொல்கிறார் மாமியார்.

காட்டாதீர்கள். இன்றே கிளினிக்குக்குப் போங்கள், குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். பிறந்த குழந்தையின் சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் வருகிறது. அதைக் கழிக்கும் அளவுக்குப் பிஞ்சுக் கல்லீரல் இன்னும் பழகவில்லை. அளவு மீறினால் மூளைக்குப் போகும். காது கேட்காமல் போகலாம், கை கால் முடங்கலாம். மருத்துவமனையில் வைக்கும் நீல விளக்குக்கு அளவு உண்டு. வெயிலுக்கு ஏது அளவு? உடம்பில் நீர் வற்றுவதுதான் மிச்சம். தாய்ப்பால் நாளைக்கு 8 முதல் 12 தடவை கொடுங்கள். குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்கள் எளிதில் உடையும் பிறவிக் குறை) என்று எழுதியிருந்தால் துணி அலமாரியில் இருக்கும் பாச்சை உருண்டையைத் தூக்கி எறியுங்கள். அந்த வாசனையே ரத்தத்தை உடைக்கும்.

சுங்கை ஆரா: 2 மாத ஊசி நாளைக்கு. லேசான சளி. தள்ளிப் போடலாமா?

வேண்டாம். காய்ச்சல் இல்லையென்றால் போங்கள்.

ஜார்ஜ் டவுன்: மிஸ்ஸி, எங்கம்மா எட்டுப் பிள்ளைகளையும் தோட்டத்தில் வெயிலில் காட்டித்தான் வளர்த்தார். எங்களுக்கு என்ன குறைந்துபோச்சு?

ஐயா, வளர்ந்தவர் என்பதால் கேட்கிறீர்கள். என் பாட்டியும் தோட்டத்து லயத்தில்தான் 11 பெற்றார். தங்கியது 6. அந்த 5 பேர் எங்கே வந்து கேட்பார்கள்? 1990-இல் உலகத்தில் பிறந்த 1000 குழந்தைகளில் 93 பேர் ஐந்து வயதைத் தாண்டவில்லை. 2022-இல் அது 37. ஊசியும், உப்புச் சர்க்கரைத் தண்ணீரும், நடந்து போகும் தூரத்தில் ஒரு மிஸ்ஸியும் இருந்ததில் குறைந்ததுதான் அதில் பெரும்பங்கு.

அதே ஐயா: எல்லாம் டாக்டர்மார் பிழைப்பு.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). அதை வைத்து யார் பிழைக்கிறார் என்று சொல்லுங்கள், நானும் போய்ச் சேர்ந்துகொள்கிறேன்.

பாயான் லெப்பாஸ்: ஒரு வயதுப் பையனுக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. தண்ணீர் கொடுத்தால் அதிகமாகுமா?

அதிகமாகாது, கொடுங்கள். பாலை நிறுத்தாதீர்கள். ஓஆர்எஸ் என்ற உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை அதில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோய், திலீப் மஹலநபிஸ் என்ற டாக்டர் இதைப் பீப்பாயில் கரைத்து வைத்துக் குடிக்கக் கொடுத்தார். சாவு 100-க்கு 4-க்கும் கீழே இறங்கியது. துத்தநாகச் சத்து மருந்தும் கேட்டு வாங்குங்கள், 10 முதல் 14 நாள் கொடுக்க வேண்டும். கண் உள்ளே போயிருந்தாலோ, ரத்தம் கலந்திருந்தாலோ, மூத்திரம் நின்றிருந்தாலோ, இதைப் படித்துக்கொண்டு உட்காராதீர்கள்.

புக்கிட் மெர்தாஜாம்: 9 நாள் குழந்தை, இன்னும் மஞ்சள். வெயில்...

மேலே முதல் பதிலைப் படியுங்கள். வெயில் வேண்டாம். கிளினிக்.

கெளுகோர்: உரை மருந்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவலாமா? வசம்பு வளையல்?

ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி குழந்தையின் தசையைத் தளர்த்தி மூச்சை நிறுத்திவிடலாம். வசம்பைக் கையில் கட்டினாலும் வாய்க்குத்தான் போகும்.

ஆயர் ஈத்தாம்: அக்கம்பக்கத்தில் வெளிநாட்டுக் குடும்பம். பிள்ளைக்கு ஊசி போடவில்லை. நமக்கென்ன?

நமக்குத்தான். மலேசியாவில் போலியோ 27 ஆண்டு இல்லாமல் இருந்து, 2019 டிசம்பரில் சபாவில் திரும்பியது. வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல். ஐ.நா. அகதிகள் அமைப்பு தரும் அகதி அட்டை இருந்தால் அரசாங்க மருத்துவமனையில் பாதி. அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் விசாரியுங்கள்.

பட்டர்வொர்த்: 3 நாள். மஞ்சள் தொடைவரை வந்துவிட்டது, பால் குடிக்க எழுப்பினால் எழுவதில்லை. நாளை ஞாயிறு, கிளினிக் இல்லை. காலையில் கொஞ்சம் வெயிலில்...

அம்மா, இப்போதே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். சுகாதாரப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள். மற்றவர்கள் காத்திருக்கட்டும்.