தூண்டில் கேள்வி–பதில்: தக்கை அமிழ்கிறது, மீன் வரவில்லை!

இங்கிலாந்தில் மீன்களை வாங்கி நீரில் விட்டு, தூண்டில் போட்டி நடத்துவதற்கென்றே வைத்திருக்கும் குளங்கள் நிறைய. அங்கே பிடிபடுபவை ‘கோர்ஸ்’ மீன்கள். சால்மன், டிரவுட் வகை நீங்கலான நன்னீர் மீன்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்ப் எனும் சாதாக் கெண்டை, எஃப்1 எனும் கார்ப் கலப்பினம், ரோச், ஸ்கிம்மர் எனப்படும் இளம் பிரீம், டெஞ்ச் ஆகியவை முக்கியமானவை. ஆளுக்கொரு இடம், அதற்குப் பெயர் பெக். சீட்டு எடுத்துத்தான் பெக் கிடைக்கும். பெரும்பாலும் 5 மணி நேரப் போட்டி. கடைசியில் எடை போட்டு, மீன்களை உயிரோடு குளத்திலேயே விட்டுவிடுவார்கள். இந்த முறை வந்த கேள்விகள் பலவும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகின்றன: எவ்வளவு இரை தூவுவது?

கேள்வி: 13 மீட்டர் கோலில் (துண்டு துண்டாகச் சேர்க்கும், உருளி இல்லாத நீளக் கம்பு) பிடிக்கிறேன். தக்கை ஓயாமல் அமிழ்கிறது. பத்து முறை சுண்டினால் ஒரு மீன். அதிலும் பாதி, வாலிலோ விலாவிலோ முள் குத்தி வருகிறது. முள்ளை மூன்று அளவு மாற்றியும் பயனில்லை. என்ன கோளாறு?

முள்ளில் கோளாறு இல்லை. இரை அதிகம், அல்லது இரை விழும் விதம் தவறு.

நெருக்கமாக மீன் விட்ட குளத்தில் கெண்டைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டுத் தின்னும். மேலிருந்து பெல்லட் எனும் உருண்டைத் தீவனத்தைக் கொட்டினால் அது தரையைத் தொடும்வரை அவை காத்திருப்பதில்லை. மேலே எழும்பி வந்து பாதி வழியிலேயே கவ்வப் பார்க்கும். உங்கள் முள் தரையில் கிடக்கிறது, மீன்கள் அதற்கு மேலே நடுநீரில் நிற்கின்றன. துடுப்பும் முதுகும் தூண்டில் நரம்பில் உரசும்போதெல்லாம் தக்கை அமிழ்கிறது. நீங்கள் சுண்டுகிறீர்கள், முள் உடம்பில் ஏறுகிறது. முள்ளில் செதில் ஒட்டி வந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான் நடக்கிறது. கடித்த மீன் தலையை ஆட்டிக் கனமாக இழுக்கும். உடம்பில் குத்துப்பட்டதோ பட்டவுடன் ஒரே திசையில் தலைதெறிக்க ஓடும்.

முதலில் அளவைக் குறையுங்கள். டாப் கிட் எனும் கோலின் நுனித் துண்டில் மாட்டும் சின்னக் கிண்ணம் போதும். 2 மில்லிமீட்டர் மைக்ரோ பெல்லட் ஒரு சிட்டிகை, அல்லது 4 மில்லிமீட்டர் பெல்லட் பத்துப் பதினைந்து. தக்கைக்கு நேர் மேலே நீரை ஒட்டிக் கவிழ்த்து, அதே நொடியில் ரிக்கையும், அதாவது தக்கை, குண்டு, முள் கட்டிய நரம்பையும் இறக்குங்கள். ஒரு மீன் வந்த பிறகே அடுத்த சிட்டிகை. பெரிய கிண்ணத்தால் கொட்டிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது ஸ்கிம்மருக்குப் பொருந்தலாம். கெண்டையிடம் அது உரசலைத்தான் கூட்டும்.

அடுத்தது, சின்னச் சின்ன அமிழ்வுக்குச் சுண்டாதீர்கள். தக்கை போய், போனது போனபடியே இருந்தால் மட்டும் கோலை மெல்ல உயர்த்துங்கள். முதல் இருபது நிமிடம் கை பரபரக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் உரசல் நிற்கவில்லையென்றால் மீன்கள் உண்மையிலேயே மேலே வந்துவிட்டன. அவற்றோடு மல்லுக்கட்டாமல் நீங்களும் மேலே போங்கள். 50–60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இன்னொரு ரிக் முன்கூட்டியே கட்டி வைத்திருக்க வேண்டும். கோடையில் இந்த இரண்டாம் ரிக்தான் பல போட்டிகளில் எடையைக் கொடுப்பது.

கேள்வி: ஆழம் பார்க்க ஒரு தடவை ஈயம் விட்டால் போதாதா? பக்கத்து பெக்காரர் கால் மணி நேரம் அதையே செய்கிறார்.

அவர் செய்வதுதான் சரி. மேலே சொன்ன உரசலுக்கு இன்னொரு காரணம் சரிவான தரை. சரிவில் விழுந்த பெல்லட் உருண்டு பரவும், மீனும் பரவும், முள் மட்டும் ஓரிடத்தில் தனியாகக் கிடக்கும்.

ஆழம் பார்க்கும் ஈயத்தை முள்ளில் மாட்டி, கோல் நுனியைத் தக்கைக்கு நேர் மேலே வைத்து இறக்குங்கள். தக்கை மூழ்கிப்போனால் உங்கள் அளவு குறைவு. தண்டு முழுக்க மேலே நின்றால் அளவு கூடுதல். நுனி மட்டும் நீர்மட்டத்தில் தெரிந்தால் அது சரியான ஆழம். பிறகு இடம், வலம், முன், பின் என்று ஒவ்வோர் அடி தள்ளிப் பாருங்கள். நான்கு பக்கமும் ஒரே ஆழம் வரும் இடமே உங்கள் இடம், அது 13 மீட்டரில் இல்லாமல் 11 மீட்டரில் இருந்தாலும் சரி. எதிர்க்கரையில் ஒரு அடையாளத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் தூவிக்கொண்டிருப்பீர்கள். முள்ளை டாப் கிட்டின் அடி விளிம்பில் பிடித்து, தக்கை நிற்கும் இடத்தில் எழுத்தை அழிக்கும் வெள்ளை மையால் கோடு போடுங்கள். ரிக் அறுந்தால் மறுபடி அளக்க வேண்டியதில்லை.

ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு 0.3 கிராம் தக்கை, முள்ளுக்கு 45 சென்டிமீட்டர் மேலே பெரும்பாலான குண்டுகள் ஒரே கூட்டமாக, அதற்குக் கீழே 15 சென்டிமீட்டர் இடைவெளியில் 11ஆம் எண் குண்டு இரண்டு. இதில் தொடங்குங்கள். காற்றால் மேல்நீர் நகர்ந்தால் 2–3 சென்டிமீட்டர் நரம்பு தரையில் கிடக்கட்டும்.

கேள்வி: முள்ளில் கோக்கும் மென்மையான எக்ஸ்பாண்டர் பெல்லட்டை, காற்றை உறிஞ்சும் பம்பில் வைத்து இழுத்தும் பாதி மிதக்கிறது, மீதி முள்ளில் கோத்ததும் உடைகிறது.

இரண்டும் ஒரே பெட்டியில் நடப்பது சகஜம். எக்ஸ்பாண்டர் உள்ளே காற்றறைகள் நிறைந்த பொரி மாதிரி. பம்பின் தண்டை இழுக்கும்போது காற்று குமிழியாக வெளியேறுகிறது. ஆனால் தண்ணீர் உள்ளே புகுவது வெற்றிடத்தை விடுவிக்கும்போதுதான். இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு “மூழ்கவில்லையே” என்றால் எப்படி மூழ்கும்?

பம்பில் பாதிக்கு மேல் பெல்லட் போடாதீர்கள். பெல்லட் மூழ்கி இரண்டு விரல் உயரத்துக்குக் குளத்துநீர் ஊற்றுங்கள். குமிழி வரும்வரை இழுத்து, விடுவித்து, லேசாகக் குலுக்குங்கள். இரண்டு மூன்று சுற்றில் எல்லாம் அடியில் போய்விடும். மூழ்கிய உடனே நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் கூழ். நீரை வடித்து, அடியில் கொஞ்சம் ஈரம் மட்டும் விட்டு, மூடி வைத்துக் கால் மணி நேரம் பொறுத்தால் ரப்பர் போல இறுகும். சுடுநீர் வேண்டவே வேண்டாம். வெயிலிலும் வைக்காதீர்கள், காய்ந்த ஓரம்தான் முதலில் வெடிக்கும்.

கோக்கும்போது 4 மில்லிமீட்டர் பெல்லட்டுக்கு 18ஆம் எண் முள். முள்முனை லேசாக வெளியே தெரிய வேண்டும். கோலை வெளியே தள்ளும்போது அதைத் தாங்கும் உருளையில் குலுங்கினால் எவ்வளவு நல்ல பெல்லட்டும் கழன்றுவிடும். ரிக் நீரில் இருக்கும்படி, கோலை நீரை ஒட்டித் தள்ளுங்கள்.

தூவுகிற மைக்ரோ பெல்லட்டுக்குப் பம்ப் தேவையில்லை. மூழ்க நீர் ஊற்றி ஒன்றிரண்டு நிமிடத்தில் வடித்து, அரை மணி நேரம் விட்டால் போதும். ஒன்றை எச்சரிக்கிறோம்: பல குளங்களில் அங்கே விற்கும் பெல்லட்டை மட்டுமே போட விடுவார்கள். மிதக்கும் பெல்லட், கொட்டைகள், பாய்லி எனும் வேகவைத்த இரை உருண்டை ஆகியவற்றுக்கும் பல இடங்களில் தடை உண்டு. பலகையை வாசித்த பிறகு பையைப் பிரியுங்கள்.

கேள்வி: பெரிய கெண்டைகளைக் கைவலைக்கு அருகே வந்தபோது இழக்கிறேன். கோல் நுனிக்குள் ஓடும், மீன் இழுத்தால் நீளும் ரப்பரான எலாஸ்டிக்கை இன்னும் வலுவானதாக மாற்றலாமா?

அநேகமாக நேர்மாறாகச் செய்ய வேண்டியிருக்கும். பெரும்பாலான போட்டிக் குளங்களில் எதிர்முனை இல்லாத பார்ப்லெஸ் முள்தான் அனுமதி. வலுவான எலாஸ்டிக் சின்ன முள்ளை வாயிலிருந்து கிழித்துக்கொண்டு வரும். எஃப்1 மீனுக்கு உள்ளீடற்ற 8–10 எண் எலாஸ்டிக், 0.10–0.12 மில்லிமீட்டர் முள்நரம்பு. கெண்டைக்கு 14–16 எண், 0.15–0.17 நரம்பு. எலாஸ்டிக் தடித்து நரம்பு மெலிந்திருப்பதே அறுந்துபோவதற்கு வழக்கமான காரணம்.

கைவலை அருகே இழப்பது பெரும்பாலும் தொய்வால். எலாஸ்டிக் இரண்டு மீட்டர் வெளியே நிற்கையில் மீனைத் தூக்கப் போனால், அது திரும்பி உங்களை நோக்கி வரும். தொய்ந்த நரம்பில் பார்ப்லெஸ் முள் தானாகக் கழன்றுவிடும். டாப் கிட்டின் பக்கவாட்டில் இழுக்கும் புல்லர் மூலம் கொஞ்சம் கொஞ்சமாக எலாஸ்டிக்கை வாங்கிக்கொண்டு, மீன் தலை நீர்மேல் வந்து ஒரு மடக்குக் காற்றைக் குடித்த பிறகே வலைக்கு மேல் இழுங்கள். வலை நீருக்குள் அசையாமல் இருக்கட்டும். வலையோடு மீனைத் துரத்துகிறவர் இரண்டையும் இழப்பார்.

ரிக்கைக் கழற்றியபின் எலாஸ்டிக்கை ஓர் அடி இழுத்து விடுங்கள். ரிக்கை எலாஸ்டிக்கோடு இணைக்கும் கனெக்டர் ‘சட்’டென்று நுனிக்கு வந்து உட்கார வேண்டும். சோம்பிக்கொண்டு வந்தால் உள்ளே மணல், அல்லது எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது. கழுவி, அதற்கான எண்ணெய் விட்டும் சரியாகாவிட்டால் மாற்றுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறோம். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். மேலே மின்கம்பி போகும் இடத்திலிருந்து 30 மீட்டராவது தள்ளி இருங்கள். இடி கேட்டால் கோலைக் கீழே போட்டுவிட்டு விலகுங்கள்.

கேள்வி: பிடித்த மீனை எடை போடும்வரை நீரில் வைக்கும் வலையான கீப்நெட் ஒன்றிலேயே 62 பவுண்டு பிடித்தேன். 50 என்றுதான் எழுதினார்கள். நியாயமா?

அந்தக் குளத்தில் ஒரு வலைக்கு 50 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 22.7 கிலோ என்று விதி இருந்திருக்கும். அதைத் தாண்டியது கணக்கில் வராது. மீன் மீது மீன் அழுந்தி, ஆக்சிஜன் குறைந்து சாகாமலிருக்கவே இந்த வரம்பு. சொடுக்கினால் எண் கூடும் சின்னக் கவுன்டரை வலைக்கு ஒன்றாக வைத்து, ஒவ்வொரு மீனின் எடையையும் மதிப்பிட்டுக் கூட்டுங்கள். மதிப்பீடு பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும் என்பதால் 40 வந்ததும் அடுத்த வலைக்கு மாறிவிடுங்கள். ரோச், ஸ்கிம்மர் போன்ற வெள்ளி மீன்களுக்குத் தனி வலை.

வலை முடிச்சில்லாததாக, குறைந்தது 2 மீட்டர் நீளமாக இருக்க வேண்டும் என்பது சட்டம். கேஎச்வி எனும் கெண்டை வைரஸ் பரவாமலிருக்கச் சில குளங்கள் தங்கள் வலைகளையே தருகின்றன. மற்றவற்றில் உங்கள் வலையைக் கிருமிநாசினித் தொட்டியில் முக்கி எடுக்கச் சொல்வார்கள்.

கேள்வி: கடைசி ஒரு மணி நேரத்தில் கரையோரம் பெரிய மீன் வரும் என்கிறார்கள். எனக்கு வருவதில்லை.

கடைசி மணியில்தான் அங்கே இரை போடத் தொடங்குகிறீர்களா? இரண்டரை மணி நேரம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். 45–60 சென்டிமீட்டர் ஆழமுள்ள தட்டையான ஓரத்தைக் கண்டுபிடித்து, அங்கே மட்டும் தாராளமாக, கால் லிட்டர் கிண்ணம் நிறைய, செத்த மேகட் புழுக்களை, அதாவது ஈயின் புழுக்களைக் கொட்டுங்கள். குறைவாகத் தூவு என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு இப்போது கொட்டச் சொல்கிறோமே என்று தோன்றும். செத்த புழு நேராகத் தரைக்குப் போகும், ஊர்ந்து ஒளியாது. மீன் தலைகவிழ்ந்து தின்னும். முதல் நாளே புழுவைச் சலித்து, பையில் காற்றைப் பிழிந்துவிட்டு உறைய வைத்தால் செத்த புழு தயார். முள் 14 அல்லது 16, ஐந்தாறு புழுக்கள். வால் சுழற்றிக் கலங்கல் எழும்பும்வரை ரிக்கை இறக்காதீர்கள்.

கேள்வி: குளிர்காலத்தில்?

மீன்கள் ஓரிடத்தில் கும்பலாக, அசையாமல் நிற்கும். ஒரு நேரத்துக்கு நாலைந்து மேகட், அவ்வளவுதான். கடி வராவிட்டால் இரையைக் கூட்டாமல் இடத்தை மாற்றுங்கள்.

கேள்வி: ஈயக் குண்டு போடலாமா?

இங்கிலாந்தில் 1987 முதல் 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையிலான ஈயத்துக்குத் தடை. 8ஆம் எண் குண்டு சரியாக 0.06, அதுவும் அதைவிடச் சிறியதும் ஈயமாக இருக்கலாம்.

கேள்வி: 12, 14 வயதுப் பிள்ளைகளோடு போகிறேன். எல்லோருக்கும் லைசென்ஸ் வேண்டுமா? மீனை வீட்டுக்குக் கொண்டு போகலாமா?

13 வயதுக்குக் கீழே வேண்டாம். 13 முதல் 16 வரை இலவசம், ஆனாலும் எடுத்தே தீர வேண்டும். உங்களுக்குக் கட்டணம் உண்டு. குளத்துக்காரரிடம் வாங்கும் நாள் டிக்கெட் வேறு, சுற்றுச்சூழல் முகமையின் லைசென்ஸ் வேறு. லைசென்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரையிலான தடைக்காலம் ஆறுகளுக்கு. பெரும்பாலான குளங்களுக்கு 1995இலிருந்து இல்லை.

மீனைக் கொண்டு போக முடியாது. அது குளத்துக்காரரின் சொத்து, எடுத்தால் திருட்டு.