புது ஹெட்போனில் ட்ரெபிள் தூக்கலாக இருக்கிறதா? கேள்வி பதில்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் சவுண்ட் சர்வீஸ் வைத்து 22 வருஷம் ஆகிறது. சுற்றுவட்டாரத்தில் யார் ஹெட்போன் வாங்கினாலும் ஒரு தடவை கடைக்குக் கொண்டுவந்து, "மாட்டிப் பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். இந்த ஒரு மாதமாக வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன: புதுசு கணீரென்று இருக்கிறது, ஆனால் ட்ரெபிள் (ஒலியின் மேல் சுரங்கள்) தூக்கலாகிக் காது கூசுகிறது. எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்): காக்கா, மச்சான் துபாயிலிருந்து ஓப்பன் பேக் (பின்பக்கம் திறந்த) ஹெட்போன் கொண்டுவந்தார். நல்ல கம்பெனிதான். ஆனா ஸ, ஷ வர்ற இடமெல்லாம் ஊசி மாதிரி குத்துது. பழகிடுமா, இல்ல வித்துடவா?

தம்பி, இன்றைக்கே முடிவு எடுக்க வேண்டாம். நீங்கள் இத்தனை நாள் போட்டிருந்தது பேஸை (அடிச் சுரங்களை) ஏற்றி, மேல் சுரங்களை மழுக்கிய ஹெட்போன். வருஷக்கணக்கில் அதையே கேட்டதில், பாட்டு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று மூளை ஒரு கணக்குப் போட்டு வைத்துவிட்டது. புதுசில் 6 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் (சுரம் எவ்வளவு மேலே என்று சொல்கிற அளவு) வரை கொஞ்சம் தூக்கல். ஸ, ஷ, ஜால்ரா, சிம்பல் இதெல்லாம் பளிச்சென்று தெறிக்கிற இடம் அதுதான். பழைய கணக்கை அழித்துப் புதுக்கணக்குப் போட மூளைக்குக் கொஞ்ச நாள் வேண்டும். என் அனுபவத்தில் ஒன்று, இரண்டு வாரம்.

இருட்டு வீட்டுக்குள் இருந்துவிட்டு உச்சிவெயிலில் தனுஷ்கோடி அரிச்சல்முனை மணலில் போய் இறங்கினால் கண் திறக்கவே முடியாது. கொஞ்ச நேரத்தில் மணலில் காற்று போட்ட வரிகூடத் தெரியும். ஆனால் சூரியனையே பார்த்துக்கொண்டு நின்றால் எத்தனை நாள் ஆனாலும் பழகாது, கண்தான் கெடும். ஹெட்போனிலும் இந்த இரண்டும் உண்டு. "வித்தியாசமா இருக்கு" என்பது பழகும். "வலிக்குது" என்பது பழகாது, பழகவும் கூடாது.

தினமும் முக்கால் மணி நேரம், நன்றாகத் தெரிந்த நாலைந்து பாட்டு, வழக்கத்தைவிட இரண்டு புள்ளி குறைந்த சத்தம். அந்த நாட்களில் பழைய ஹெட்போனைத் தொடவே வேண்டாம். மாற்றி மாற்றிப் போட்டால் காது எதிலும் நிலைக்காது. பத்தாம் நாள் கழற்றும்போது கவனியுங்கள். கழற்றியதும் "அப்பாடா" என்று இருந்தால் அது உங்களுக்கான ஹெட்போன் இல்லை. நான் ஒருமுறை கொடுத்த காசுக்காக ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். ராத்திரி படுத்தால் காதுக்குள் ங்கொய் என்று இரைச்சல். மூன்றாம் நாளே நிறுத்தியிருக்க வேண்டும்.

உச்சிப்புளி, கல்லூரி மாணவர்: 100 மணி நேரம் பாட்டு ஓட விட்டு வச்சா ஹெட்போன் தானா மிருதுவாயிடும்னு சொல்றாங்களே பாய்?

உள்ளே இருக்கிற டயஃப்ரம் (அதிர்ந்து ஒலி எழுப்புகிற மெல்லிய சவ்வு) ஓடி ஓடி மாறுவது மிகக் கொஞ்சம். காதுக்குத் தெரிகிற அளவுக்கு மாறுவது இரண்டு. ஒன்று, காது மெத்தை அமுங்கி உங்கள் தலைக்குத் தக்கபடி உட்காருவது. இன்னொன்று, உங்கள் காது. பீரோவுக்குள் பாட வைத்தால் இரண்டுமே நடக்காது. அந்த 100 மணி நேரத்தையும் நீங்களே கேளுங்கள்.

தொண்டி, கல்யாண வீடியோ எடிட்டர்: இரண்டு வாரம் கேட்டுட்டேன். முக்கால்வாசி பழகிடுச்சு. ஒரு இடம் மட்டும் இன்னும் குத்துது. ஈக்யூ போட்டா தப்பா? எவ்வளவு போடணும்?

தப்பே இல்லை. ஈக்யூ என்பது ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக ஏற்றி இறக்குகிற வசதி. மேடையில் மைக் கூவுகிற இடத்தை மிக்சரில் வெட்டுவதுதான் எனக்கு அன்றாட வேலை. தன் காதுக்கு அதைச் செய்ய ஏன் கூச்சப்பட வேண்டும்?

ஈக்யூ மென்பொருளில், விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டு போன் என்றால் வேவ்லெட். முதலில் குத்துகிற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்து, 4 கிலோஹெர்ட்ஸிலிருந்து 12 வரை மெதுவாக ஏறுகிற டோன் ஒன்றை ஓட விடுங்கள். ஒரு இடத்தில் திடீரென்று எகிறி, தாண்டியதும் அடங்கும். உங்களுக்கு அது 8க்குப் பக்கத்தில் இருக்கலாம், எனக்கு 7க்குப் பக்கத்தில் இருக்கலாம். காது மடலும் துவாரமும் ஆளுக்கு ஆள் வேறு என்பதால், ஒரே ஹெட்போனில்கூட அந்தக் கூர்முனை இடம் மாறும். அதனால் அடுத்தவர் போட்ட எண்ணை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

கண்டுபிடித்த இடத்தில் 3 டெசிபல் (சத்தத்தின் அளவு) குறையுங்கள், கியூ (வெட்டு எவ்வளவு குறுகல் என்று சொல்கிற எண்) வைக்க வசதி இருந்தால் 2 என்று வையுங்கள். ஒரு நாள் கேளுங்கள். போதவில்லை என்றால் 4, 5. அதற்கு மேல் வெட்டினால் சிம்பல் தகரம் மாதிரி ஆகிவிடும். பேஸ் குறைவாகத் தோன்றி அதை ஏற்றினால், எத்தனை டெசிபல் ஏற்றினீர்களோ அத்தனையை ப்ரீஆம்பில் (மென்பொருளில் மொத்தச் சத்தத்தைக் குறைக்கிற இடத்தில்) இறக்குங்கள். இல்லாவிட்டால் சத்தம் உடையும்.

அப்புறம் ஒன்று. வெட்டியது சரியா என்று பார்க்க சினிமாப் பாட்டு வேண்டாம். வீட்டில் அம்மாவையோ மனைவியையோ, "சனிக்கிழமை சந்தையில் சீலா மீன் வாங்கினேன்" என்று சொல்லச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். அந்தச் ச எப்படி ஒலிக்கும் என்று உங்கள் காதுக்குப் பிறந்ததிலிருந்தோ கல்யாணத்திலிருந்தோ தெரியும். ஹெட்போனில் அது நாக்கில் இருந்து வருகிறதா, பிளேடில் இருந்து வருகிறதா என்று கேளுங்கள்.

ஏர்வாடி: கண்ணாடி போடுறவன் நான். மூடின வகை ஹெட்போன். கண்ணாடியைக் கழற்றினா சத்தம் நல்லா இருக்கு, போட்டா மெலிஞ்சு கீச்சுங்குது.

கோளாறு ட்ரெபிளில் இல்லை, இடுக்கில். கண்ணாடிக் கொம்பு மெத்தையைத் தூக்குகிறது, அந்த இடைவெளியில் பேஸ் கசிந்து போய்விடுகிறது. பேஸ் போனால் மீதி எல்லாம் கூர்மையாகத்தான் தெரியும். மெல்லிய கொம்பு வைத்த ஃபிரேம், அல்லது இன்னும் மெத்தென்ற பேடு.

தங்கச்சிமடம், விசைப்படகு ஓட்டுநர்: 18 வருஷம் இஞ்சின் பக்கத்திலேயே நின்னவன் பாய். மகன் வாங்கித் தந்த ஹெட்போன்ல பேச்சு தெளிவா இல்ல, சத்தம் வச்சா உடனே குத்துது. எனக்கும் பழகுமா?

அண்ணே, உங்களுக்கு மட்டும் வேறு பதில். இஞ்சின் இரைச்சலில் வருஷக்கணக்கில் நின்றால் முதலில் அடிபடுவது 4 கிலோஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள கேள்திறன். பேச்சைத் தெளிவாக்குகிற மெய்யெழுத்துகளில் பல அந்தப் பக்கம்தான். அப்படி அடிபட்ட காதில் மெல்லிய சத்தம் கேட்காது, கொஞ்சம் கூட்டினால் ஒரேயடியாகக் கூசும். நீங்கள் சொல்வதும் அப்படித்தான் இருக்கிறது. இது அழுக்கு அடைத்ததாகவும் இருக்கலாம். ஹெட்போனை எடுத்து வைத்துவிட்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ஆடியோகிராம் (கேள்திறன் சோதனை) எடுத்துவிடுங்கள். இனிமேல் கடலுக்குப் போகும்போது காதடைப்பான் போடுங்கள். மகனிடமும் சொல்லுங்கள்: உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற அளவு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம்.

மண்டபம் கேம்ப்: 10,000 ரூபாய்க்கு டிஏசி வாங்கினா சத்தம் கனிஞ்சு வரும்னு கடையில சொல்றாங்க.

வேண்டாம். டிஏசி என்பது டிஜிட்டல் ஃபைலை ஒலி சிக்னலாக மாற்றுகிற கருவி; ஒழுங்காக வேலை செய்கிற டிஏசி பொதுவாக ட்ரெபிளைக் குறைக்காது.  உங்கள் ஹெட்போன் 250 ஓம் வகையாக (போனின் சக்தி போதாத வகையாக) இருந்து போனில் சத்தம் எட்டவில்லை என்றால் ஆம்ப் (சத்தத்தைக் கூட்டுகிற கருவி) வாங்கலாம், அது வேறு விஷயம். கூர்மைக்கு மருந்து இலவச ஈக்யூவில் இருக்கிறது. இன்னும் வாங்கவே இல்லை என்றால் மட்டும் மாடலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: பேயர்டைனமிக் டிடி 990 மேல்பக்கம் தூக்கலானது என்று பேர் வாங்கியது, சென்ஹைசர் எச்டி 650 சாந்தமானது.

ராமநாதபுரம், ஓய்வு பெற்ற ஆசிரியர்: பழைய நாதஸ்வரப் பதிவுகள் மெமரி கார்டில் நிறைய வைத்திருக்கிறேன். புது ஹெட்போனில் வாத்தியம் அருகில் வந்துவிட்டது. ஆனால் சுற்றிலும் ஏதோ சலசலப்பு.

ஐயா, நீங்கள் சொன்னதில் முதல் பாதிதான் இந்த வகை ஹெட்போனின் அருமை. சீவாளி உதட்டில் ஒட்டிப் பிரிகிற ஈரச்சத்தம், தவில்காரரின் விரல் கூடுகள் தோலில் படுகிற தட்டல், இதெல்லாம் மழுங்கின ஹெட்போனில் கிடைக்காது. சலசலப்பு வாத்தியத்தில் இல்லை, ஃபைலில். பழைய 128 கேபிபிஎஸ் எம்பி3 (அளவைச் சுருக்கிய ஃபைல்) என்றால் 16 கிலோஹெர்ட்ஸை ஒட்டி மேலே உள்ளதை வெட்டிவிட்டு, அதற்குக் கீழே உள்ளதையும் பிழிந்து வைத்திருக்கும். அந்தப் பிழிந்த தடம்தான் தண்ணீர் சலசலக்கிற மாதிரி கேட்கிறது. அதே கச்சேரி நல்ல தரத்தில் கிடைத்தால் மாற்றிப் பாருங்கள். கிடைக்காத அபூர்வப் பதிவுக்கு 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே மெல்லச் சரித்துவிடலாம். தயவுசெய்து அதை அழித்துவிடாதீர்கள்.

பாம்பன்: கடற்கரை வீடு. போன ஹெட்போன் பேடு ஒரே வருஷத்தில் உரிஞ்சு கொட்டிடுச்சு. உரிஞ்ச பிறகு சத்தமும் கூர்மையாச்சு, அது என் கற்பனையா?

கற்பனை இல்லை. பேடு சப்பையாகிக் காது டிரைவரை (உள்ளே இருக்கிற குட்டி ஸ்பீக்கரை) நெருங்கினாலும், ஓரம் பிய்ந்து பேஸ் கசிந்தாலும் ஒலியின் சமநிலை மாறும். நம் பக்கத்து உப்புக்காற்றுக்கும் வியர்வைக்கும் ரெக்சின் தாங்காது, வெல்வெட் மாதிரித் துணி பேடு நீடிக்கும். ஆனால் துணிக்கு மாறினால் பேஸ் கொஞ்சம் குறையும், கணக்கில் வையுங்கள். கேட்டு முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, மூடி இறுகுகிற டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். செருப்புப் பெட்டியில் வருவதே போதும். ஜாக் பச்சை பூத்தால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடையுங்கள், உப்புத்தாள் வேண்டாம்.

அதே கீழக்கரைத் தம்பி, பதினாறு நாள் கழித்து: காக்கா, புதுசு இப்ப குத்தலை. ஆனா பழசை எடுத்து மாட்டினா தலையணைக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு. பழசு கெட்டுப்போச்சா?

கெடவில்லை தம்பி, உங்கள் காது திரும்பியிருக்கிறது. இரண்டு நாள் பழசையே போட்டால் மறுபடி அந்தப் பக்கம் திரும்பும். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். படுக்கும்போது பேச்சோ பயானோ (மார்க்கச் சொற்பொழிவோ) கேட்கப் பழசு நன்றாக இருக்கும். மச்சானிடம் புதுசுக்கு மாற்றுப் பேடு ஒரு ஜோடி வாங்கி வரச் சொல்லுங்கள். இங்கே அந்த மாடலுக்குக் கிடைப்பது கஷ்டம்.