வெள்ளையாக முளைத்த தேசிக்காய்க் கன்று

வெள்ளவத்தையில் மாடிவீட்டில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதுகிறார்: "சாறு பிழிந்த தேசிக்காயின் வித்துகளை யோகட் கோப்பைகளில் போட்டேன். இரண்டு கன்றுகள் பால்போல் வெள்ளையாக முளைத்தன. அதில் ஒன்று, பச்சைக் கன்றோடு ஒரே வித்திலிருந்தே வந்தது. இரும்புச்சத்துத் தெளித்தும் மாறவில்லை. பசளை போதாதா?"

பசளையை விடுங்கள். இரும்பு குறைந்தால் இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மகனீசியம் குறைந்தால் மூத்த இலைகளே முதலில் மஞ்சளிக்கும். இருட்டில் முளைத்த நாற்று வெளிறியிருந்தாலும் வெளிச்சத்தில் வைத்த ஓரிரு நாளில் பச்சை பிடித்துவிடும். பச்சையம் உருவாகும் படிகளில் ஒன்றுக்கு வெளிச்சமே தேவை. உங்கள் கன்று இவற்றில் எதுவும் இல்லை.

குளூட்டமிக் அமிலத்தில் தொடங்கி ஏறத்தாழ 15 நொதியங்களின் (வேதிமாற்றத்தை நடத்தும் புரதங்களின்) கை மாறித்தான் பச்சையம் முழுமையாகிறது. ஒவ்வொரு நொதியத்தையும் எப்படிச் செய்வது என்பது பரம்பரையலகில் இருக்கிறது. நடுவில் மகனீசியத்தைப் பொருத்தும் நொதியம் மட்டும் மூன்று வகைப் புரதங்கள் சேர்ந்தது. இவற்றில் ஒன்று கெட்டாலும் வேலை அங்கேயே நின்றுவிடும். பச்சையத்தை வெயிலிலிருந்து காக்கும் கரோட்டினாய்டு உருவாகாவிட்டாலும் இதே கதிதான்: பச்சையம் உருவாக உருவாக வெளுத்துப்போகும்.

அப்படியானால் தாய்மரம் எப்படிப் பச்சையாக இருந்தது? ஒவ்வொரு பரம்பரையலகிலும் அதனிடம் இரண்டு பிரதிகள். ஒன்று பழுதானாலும் மற்றது சமாளிக்கும். பழுதான இரண்டும் ஒரே கருவில் சேரும்போதுதான் வெள்ளை.

இனி அந்த இரட்டைக் கன்று. தேசி வித்து ஒன்றுக்குள் பல கருக்கள் இருக்கலாம். சில தாயின் திசுவிலிருந்தே எழுந்து தாயை அப்படியே ஒத்திருக்கும். ஒன்று மகரந்தம் சேர்ந்து உருவானது. வெள்ளை அந்தக் கலப்புக் கருவாக இருக்கும் என்பது என் ஊகம்.

ஊகம் என்று சொல்லக் காரணம் உண்டு. வித்துறையில் ஒட்டி வரும் சில பங்கசுகளின் நஞ்சும் எலுமிச்சை இனக் கன்றுகளை இப்படியே வெளுக்க வைக்கும். பிழிந்த கையோடு சதையுடன் போட்டிருந்தால் அதற்கும் வாய்ப்பு உண்டு. அதே மரத்துக் காய் கிடைத்தால், வித்துகளை வழவழப்புப் போகக் கழுவி, மேல்தோலை நகத்தால் உரித்து, புது மண்ணில் போடுங்கள். மறுபடியும் வெள்ளை தலைகாட்டினால் பரம்பரையலகின் பழுது என்றே கொள்ளலாம்.

இப்போதுள்ள வெள்ளைக் கன்றுகள் வித்திலுள்ள உணவு தீரும்வரைதான் நிற்கும். ஒரே வித்தில் வந்த பச்சைக் கன்றை மட்டும் வேர் அறாமல் பிரித்து வேறு சாடியில் வையுங்கள்.